கொடிவேரி, பவானிசாகர்: பை காக்காமல் ஒரு நாள்

குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் பாட்டிமாருக்கு என்று ஒரு வேலை யாரும் சொல்லாமலே வந்து சேரும். பை காப்பது. மாற்றுத் துணி, துண்டு, நாலு செல்போன், மாப்பிள்ளையின் வாட்ச், கார் சாவி எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒகேனக்கல்லுக்குப் போனேன், குற்றாலத்துக்குப் போனேன், இரண்டிலும் நான் நன்றாகப் பார்த்தது பைகளைத்தான். அதனால் ஒரு இடம் எப்படி என்று கேட்டால், அங்கே பையைக் கீழே வைக்க முடிந்ததா என்பதுதான் என் கணக்கு.

காலாண்டு லீவுக்கு மகளும் பிள்ளைகளும் திருப்பூரிலிருந்து ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடிக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பேத்திக்கு 7 வயது, பேரனுக்கு 4. இரண்டாம் நாளே வீடு கொள்ளவில்லை. "அம்மிச்சி, எங்காச்சும் போலாங்க" என்று பெரியவள் பிடித்த பிடியில், புதன்கிழமை காலையில் கொடிவேரி அணை, மத்தியானத்துக்கு மேல் பவானிசாகர் அணை என்று முடிவானது. விடியற்காலையில் எழுந்து ஒரு தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறும், தயிரும், சம்படத்தில் முறுக்கும் எடுத்து வைத்தேன். "அங்கயே மீனு கிடைக்கும், எதுக்கும்மா இத்தனை" என்றாள் மகள். அந்தச் சோற்றை அன்றைக்கு முதலில் காலி செய்தது அவள்தான்.

கோபிசெட்டிபாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். இந்தப் பச்சைக்குக் காரணமே கொடிவேரிதான். இது தண்ணீரைத் தேக்கி வைக்கிற அணை இல்லை. பவானி ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணை. ஆற்று நீரைத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்ற இரண்டு வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடும். பாசனம் 24,504 ஏக்கர். மிச்சத் தண்ணீர் சுவருக்கு மேலே வழிந்து விழுகிறது பாருங்கள், அதில்தான் குளிப்பது. ஆற்றின் அகலத்துக்கும் வேட்டியைக் காயப் போட்டது போல வெள்ளையாக விழும்.

இறங்கும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். முட்டி வலிக்காரர்கள் அவசரப்படாமல் இறங்கினால் சமாளிக்கலாம். கீழே போனதும் வழக்கம்போல் பையைத் தேடி உட்காரப் போனேன். அவர் விடவில்லை. "அத்தை, பையைக் கொடுங்க. நான் குளிச்சு என்னாகப் போகுது, நீங்க போங்க." கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

சேலையோடு போய் உட்கார்ந்தேன். யாரோ இரண்டு கையாலும் முதுகில் மொத்துகிற மாதிரி விழுந்தது. கொண்டை அவிழ்ந்து முகமெல்லாம் முடி. பேத்தி என்னை அப்படிப் பார்த்ததே இல்லை போல, சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது அவளுக்கு. சின்னவன் தண்ணீர் விழுகிற பக்கமே வரவில்லை. பாறை நடுவே கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற இடத்தில் உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் டம்ளரால் மொண்டு மொண்டு தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தான். வீட்டு பாத்ரூமில் தலைக்கு ஊற்றினால் ஊரைக் கூட்டுகிறவன் இவன்தான்.

இனி குறைகளும் எச்சரிக்கையும். பாசி வழுக்கும், பழைய ரப்பர் செருப்பாவது காலில் இருக்கட்டும். ஆனால் குழந்தைக்குப் பின்பட்டை வைத்த செருப்பு போடுங்கள். பேரனுடைய இடது கால் செருப்பு இந்நேரம் பவானிக் கூடுதுறையைத் தாண்டிப் போயிருக்கும். ஆற்றில் ஆழமான இடங்கள் உண்டு, தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே இருக்கிறவர்கள் இத்தனை தூரம்தான் என்று சொன்னால் அதோடு நின்றுகொள்ளுங்கள். பவானிசாகரிலிருந்து அதிகமாகத் தண்ணீர் விட்டால் இங்கே குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அதனால் கிளம்புமுன் பேப்பரைப் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஆடிப் பெருக்கும் இளவட்டங்களுக்கு, நமக்கில்லை. உடை மாற்றும் அறையில் ஈரத் தரை. ஒற்றைக் காலில் நின்று பாவாடை மாற்றுகிற வயது எனக்கு இல்லை. காருக்குள் துண்டைக் கட்டி மறைத்துக்கொண்டேன். பரிசலில் மகளும் பேத்தியும் மட்டும் போனார்கள். நாலு வயதுப் பையனை ஏற்ற எனக்கு மனது வரவில்லை.

அங்கிருந்து சத்தி, அதாவது சத்தியமங்கலம் வழியாக பவானிசாகர். சின்னவன் வழியெல்லாம் தூக்கம்.

இந்த அணை எனக்கு வேறு கணக்கு. 1948-இல் ஆரம்பித்து 1955-இல் முடித்தார்கள். முக்கால்வாசி மண் அணை. என் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் இங்கே மண் சுமக்க வந்தவர். அணையின் கொள்ளளவு உயரம் 105 அடி, அதில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரில் தினமும் போடுவார்கள். அவர் சாகும்வரைக்கும் காலையில் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார், ஏதோ தன் வீட்டுத் தொட்டி நிரம்புகிற மாதிரி. பேத்திக்கு மண் சுமந்த கதை சுவைக்கவில்லை. டணாய்க்கன்கோட்டை என்று ஒரு ஊர் இந்தத் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது, தண்ணீர் வற்றினால் பழைய பெருமாள் கோவில் வெளியே தெரியும் என்றதும்தான் காதைக் கொடுத்தாள். "உள்ள போயி யாரு விளக்குப் போடுவாங்க அம்மிச்சி?" என்றாள். நான் முறுக்குச் சம்படத்தைத் திறந்து கொடுத்தேன்.

அணைக்கு முன்னால் இருக்கிற பூங்காவுக்குத்தான் என் முழு ஓட்டு. சறுக்கு, ஊஞ்சல், புல்தரை, பெரிய மர நிழல். புதிதாக ஒன்றுமில்லை, மாலில் இருக்கிற மாதிரி மின்னுகிற எதுவும் இல்லை. ஆனால் நிழலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு பிள்ளைகளும் கண்ணில் படுகிறார்கள். பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். நுழைவுக் கட்டணம் இரண்டு இடத்திலும் சில்லறைக் காசுதான். பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க ஆசைப்படாமல், பிள்ளைகள் சின்னதாக இருந்தால் பவானிசாகரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சத்தியிலிருந்து பஸ் இருக்கிறது.

அப்புறம் மீன். முதலில் போன கடையில் காலையில் பொரித்ததை மறுபடி எண்ணெயில் முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். ஓரமெல்லாம் சக்கையாக இருந்தது. பாதியில் எழுந்து வேறு கடைக்குப் போனோம். அங்கே மசாலா தடவி வைத்திருந்த பச்சை மீனை நானே காட்டி, கண் முன்னால் பொரிக்கச் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சிறுபிள்ளைகளுக்குக் கட்லா, ரோகு வேண்டாம். சதைக்குள் மயிர் போல முள் ஓடும். ஜிலேபி மீன் கேளுங்கள். நடுமுள்ளை உருவிவிட்டால் பெரும்பாலும் சதைதான். ஆனாலும் நான் ஒவ்வொரு விள்ளலையும் இரண்டு விரலில் நசுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

இதில் ஒரு வம்பு நேர்ந்தது. கடைக்காரரிடம் நாங்கள் "ஜிலேபி ரெண்டு" என்று சொன்னதைச் சின்னவன் கேட்டுவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். கண்ணும் வாலுமாகத் தட்டு வந்ததும் அவன் முகம் போன போக்கை எப்படிச் சொல்ல! "இது ஜிலேபி இல்லீங்க அம்மிச்சி. பொய்." அவ்வளவுதான். நசுக்கிக் கொடுத்த விள்ளலை வாயருகேகூட விடவில்லை. அக்காக்காரி அவன் பங்கையும் சேர்த்துத் தின்றாள்.

திரும்பி வரும்போது சத்தியில் காரை நிறுத்தி, ஒரு பலகாரக் கடையில் அசல் ஜிலேபி கால் கிலோ வாங்கினோம். பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. என் விரல்களையே பார்த்தான்.

"முள்ளு பாத்துக் குடுங்க."

பாகு மணிக்கட்டு வரை வழிய, ஜிலேபியைப் பிய்த்து இரண்டு விரலில் நசுக்கிக் காட்டினேன்.