அட்டாமிக் ஹேபிட்ஸும் என் காலை நடையும்

பழக்கங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லித்தரும் அட்டாமிக் ஹேபிட்ஸ் புத்தகத்தை வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது, இரண்டு முறை படித்தும் ஆயிற்று. வாங்கிய ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கிறது. சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லி ஆறு மாதம், நான் ஒரு நாள்கூட நடக்கவில்லை, மனைவியிடம் சொல்லச் சாக்கும் தீர்ந்துபோயிருந்தது, பதினோரு மணிக்குப் படுத்தபடியே ஆர்டர் போட்டேன். போட்டதுமே பாதி தூரம் நடந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. இந்த மாதிரிப் புத்தகங்களில் பாதி விலை அந்த நிம்மதிக்குத்தான் என்று தோன்றுகிறது. "என்னால முடியலடா" என்று நண்பனிடம் சொல்ல வெட்கம், புத்தகமோ திருப்பிக் கேள்வி கேட்காது.

சரி, உள்ளே என்ன? ஜேம்ஸ் கிளியர் எழுதி 2018இல் வந்தது. எந்தப் பழக்கத்தையும் இரண்டே நிமிஷ வேலையாகச் சுருக்கித் தொடங்கு, ஏற்கெனவே செய்கிற வேலையோடு ஒட்டிவிடு என்கிறார். காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூ மாட்ட வேண்டும், தெருமுனை வரை போனால் போதும் என்று வைத்துக்கொண்டேன். உண்மையாகவே வேலை செய்தது, மூன்று மாதம் விடாமல் நடந்தேன்.

ஆனால் அந்த 37 மடங்கு கணக்கு! தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருஷக் கடைசியில் 37 மடங்காம். கூட்டு வட்டிக்கு அது சரி. முதல் நாள் பத்து தண்டால் எடுப்பவன் அடுத்த வருஷம் 370 எடுப்பானா? பிரிட்டிஷ் சைக்கிள் அணி, வீரர்கள் தூங்கும் தலையணை வரை பார்த்துப் பார்த்து மாற்றி ஜெயித்ததாக அவர் சொல்லும் கதையும் அப்படித்தான், சுவையாக இருக்கிறது. அந்த நாட்டு விளையாட்டுக்கு 1997 முதல் லாட்டரிப் பணம் வந்ததும் ஒரு காரணம்தானே, ஆனால் படித்தவர்கள் தலையணையைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அப்புறம் எனக்கு நைட் ஷிப்ட் போட்டார்கள். காலை ஏழரைக்கு வீட்டுக்கு வந்து விழுபவனுக்கு ஏது காபி, ஏது ஷூ. மறுபடி புத்தகத்தை எடுத்தால், சுற்றுச்சூழலைப் பழக்கத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொள் என்கிறது. நல்ல யோசனைதான், போனை அடுத்த அறையில் வைக்கலாம், முறுக்கு டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றலாம், ஷிப்ட் அட்டவணையை எங்கே ஏற்றி வைப்பது? மேனேஜரிடம் கேட்க வேண்டிய விஷயத்துக்கு நான் இரண்டு வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் போய்க் கேட்டேன், ஒரு மாதம் கழித்துப் பகலுக்கு மாற்றினார்கள், நடையும் திரும்ப வந்தது.

நடை, படிப்பு, போனைக் குறைப்பது மாதிரி விஷயங்களுக்குத் தாராளமாக வாங்கலாம். கடன் தொல்லை, மாதக்கணக்கில் தூக்கம் வராத மனசு என்றால் அந்தக் காசை டாக்டர் பீஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் பிரதியை மச்சான் வாங்கிப் போய் நாலு மாதம் ஆகிறது. இன்னும் அட்டையைத் தாண்டவில்லை, ஆனால் படிக்கப் போவதாக எல்லோரிடமும் சொல்கிறார், முகத்தில் நல்ல தெளிவு.