ஃபான்ட்ஃபோர்ஜில் உருண்டை எழுத்து: பாம்பனிலிருந்து ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

எழுத்துரு செய்வது என் தொழில் இல்லை. பாம்பனில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் வேலை. விசைப்படகுக்கும் வள்ளத்துக்கும் பெயர், பதிவெண், மாதா படம், வேல் என்று எது கேட்டாலும் வெட்டிக் கொடுப்போம். மிச்ச நேரத்தில் முனைகள் உருண்ட ஒரு தமிழ் எழுத்துருவை ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் சில வருடங்களாக வளர்த்து வருகிறேன். அதில் கைக்கு வந்தது, வராதது இரண்டையும் சொல்கிறேன்.

முதலில், உருண்டை எதற்கு? எங்கள் கரையில் அது அழகுக்காக மட்டும் இல்லை. உப்புக்காற்றில் ஸ்டிக்கர் முதலில் தூக்குவது கூர்மையான மூலையில்தான். படகைத் தேய்த்துக் கழுவும்போது பிரஷ் மாட்டுவதும் அங்கேதான். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமான கட்டிங் பிளாட்டரின் கத்தியும் கூரான திருப்பத்தில் தயங்கும், வளைவில் வழுக்கிக்கொண்டு போகும். இலவசமாகக் கிடைக்கும் உருண்டை எழுத்துகளில் ஏக் டைப் குழு செய்த பலூ தம்பி எனக்கு மிகவும் பிடித்தது. கனத்த, சிரித்த முகமுள்ள எழுத்து. எனக்கு வேண்டியதோ கனம் கூடாத, ஒரே சீரான கோட்டில் ஓடும் எழுத்து. அதனால்தான் சொந்தமாக வரைய இறங்கினேன்.

ஃபான்ட்ஃபோர்ஜ் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய இலவச மென்பொருள். 2004 வரை அதற்கு வேறு பெயர். முகப்பு பழைய காலத்துச் சாயலில் இருக்கும், பழக நாளாகும். ஆனால் உருண்டை எழுத்துக்கு உயிரான ஒரு வசதி இதில் இருக்கிறது: எக்ஸ்பாண்ட் ஸ்ட்ரோக். எழுத்தின் நடுக்கோட்டை மட்டும் வரைந்து, வட்டப் பேனா, 90 அலகு தடிமன், உருண்ட முனை என்று கொடுத்தால் முழு எழுத்தும் வந்து நிற்கும். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் 2020-க்குப் பிந்தையதற்கு மாறிக்கொள்ளுங்கள். இந்த வசதி அதில் நன்றாகத் தேறியிருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வட்டப் பேனா வெளி மூலையை மட்டும்தான் உருட்டும். நடுக்கோடு செங்குத்தாகத் திரும்பினால் உள்மூலை கூராகவே நிற்கும். 'ப', 'ட', 'ம', 'ங' நான்கிலும் இது பளிச்சென்று தெரியும்: வெளியே குழைவு, உள்ளே தச்சு வேலை. நடுக்கோட்டையே வளைத்தால்தான் எழுத்து முழுதாக மென்மையாகும். எவ்வளவு வளைப்பது என்பதை மென்பொருள் சொல்லாது. அளவுக்கு மேல் போனால் 'ட' எழுத்தின் அடித்தளமே கரைந்துவிடும். பேனாத் தடிமனுக்குச் சமமான ஆரத்தில் தொடங்கி, எழுத்துக்கு எழுத்து கண்ணால் கூட்டிக் குறைப்பது என் வழக்கம்.

அடுத்து, முனை. கணக்கில் சரியான அரைவட்டம் கண்ணுக்குச் சரியாகப் படாது. பெசியர் வளைவில் (புள்ளிகளையும் அவற்றிலிருந்து நீளும் ஹேண்டில் என்ற பிடிகளையும் இழுத்து வரையும் வளைவு) கால்வட்டம் வர, ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் சுமார் 0.5523 பங்கு. மென்பொருள் அதைப் பிசகாமல் போடும். ஆனால் நேர்கோட்டில் வளைவே இல்லை, அரைவட்டம் தொடங்கும் இடத்தில் அது சட்டென்று வருகிறது. தாளில் இது தெரியாது. படகின் பக்கத்தில் ஒரு அடி உயரத்துக்கு ஒட்டும்போது அந்த இணைப்பில் ஒரு முண்டு தெரியும். வளைவைக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கி ஹேண்டிலைச் சற்று நீட்டினால் முண்டு அடங்கும். 'ஞ', 'ஜ' போன்ற நீண்ட வளைவுகளுக்கு புள்ளிகளை மட்டும் வைத்து வளைவு வரையும் ராஃப் லெவியனின் ஸ்பைரோ முறையும் உள்ளேயே இருக்கிறது. ஹேண்டிலே தொடாமல் வழவழவென்று வரும்.

உருண்ட முனை கண்ணுக்குக் குட்டையாகவும் தெரியும். தமிழில் இதன் விளைவு பெரிது. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் நடுவே நிற்பது அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சின்ன வால் மட்டும்தான். அதை நீட்டி விடாவிட்டால் 'மரம்' 'மாம்' ஆகிவிடும். 'ண', 'ன' சுழிகளும் அப்படித்தான். கோடு தடிக்கத் தடிக்க சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடும். மூன்று சுழி 'ண'வை மற்ற எழுத்துகளைவிட அகலமாக விடுவதில் தயக்கமே வேண்டாம்.

உகர வரிசைதான் நேரத்தைத் தின்னும். 'சு, பு, யு, வு' ஒரு சாயல், 'து, நு, லு, னு' இன்னொன்று, 'கு, டு, மு, ரு, ழு, ளு' ஒவ்வொன்றும் தன் வழி. ஊகாரத்தோடு சேர்த்து 36 எழுத்துகள். குறுக்குவழி கிடையாது. மெய்யெழுத்துகளில் அந்தப் பாடு இல்லை. மூல எழுத்தையும் புள்ளியையும் ரெஃபரென்ஸாக (நகலெடுக்காமல் மூலத்தைச் சுட்டும் இணைப்பாக) வைத்துவிட்டால், 'க'வைத் திருத்தும்போது 'க்' தானாகத் திருந்தும்.

நடுக்கோட்டை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். கோட்டை விரித்தபின் திரும்பச் சுருக்க வழியில்லை. நடுக்கோட்டுக் கோப்பைத் தனியாக வைத்து, அதன் நகலில் விரித்தல், ஓவர்லாப் (ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகள்) நீக்கல், எக்ஸ்ட்ரீமா (வளைவின் மேல், கீழ், பக்க உச்சிகளில் புள்ளி) சேர்த்தல், சிம்ப்ளிஃபை (மிகைப் புள்ளிகளைக் குறைத்தல்) எல்லாவற்றையும் ஒரு சின்ன பைத்தான் நிரலில் ஓட விடுகிறேன். தடிமன் எண்ணை மாற்றினால் மெலிந்ததும் கிடைக்கும், கனத்ததும் கிடைக்கும். ஓவர்லாப் இருந்தால் கத்தி எழுத்தின் குறுக்கே வெட்டிவிடும். நோடுகள் (வளைவின் புள்ளிகள்) தேவைக்கு மேல் இருந்தால் வளைவு நடுங்கும். சிம்ப்ளிஃபையை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம், சுழிகளில் வடிவத்தையே அசைத்துவிடுகிறது. அங்கே கையால் குறைப்பதே நல்லது.

ஓப்பன்டைப் விதிகளுக்கு (எழுத்துகள் சேரும்போது எந்த வடிவம் வர வேண்டும் என்று எழுத்துருவுக்குள் எழுதும் விதிகள்) தமிழின் புதிய குறியான 'டிஎம்எல்2'வைப் போடுங்கள். பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் யூனிகோடு தமிழின் ஒற்றைக்கொம்பு இடம் மாறிப்போகும். நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றித்தான் பிளாட்டருக்கு அனுப்புகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மராமத்தும் பெயிண்டும் நடக்கும் அந்த 61 நாளும் எங்களுக்குக் கை ஓயாது. படகுக்கார அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, பேரு எப்படி வேணா இருக்கட்டும். நம்பரு தூரத்துல இருந்து தெளிவாத் தெரியணும்." நியாயமான பேச்சு. 'ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்' என்று தொடங்கும் பதிவெண்ணைக் கடலில் யார் யாரோ பார்த்துப் படிக்கிறார்கள். '3', '6', '9' மூன்றிலும் வாயை அகலத் திறந்து வைத்திருக்கிறேன்; முனை உருண்டு உள்ளே மடங்கினால் மூன்றுமே எட்டாகிவிடும்.

காசு கட்டி வாங்கும் மென்பொருள்கள் பார்க்க லட்சணமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கனத்தில் உருண்ட தமிழ் எழுத்து வேண்டும், பொறுமை இருக்கிறது என்றால் ஃபான்ட்ஃபோர்ஜ் போதும். 'ப', 'ட', 'ர', 'ண', 'கு', 'து' ஆறையும் முதலில் முடியுங்கள். மூலை, தளம், வால், சுழி, உகரம் எல்லாம் அந்த ஆறுக்குள் வந்துவிடும். ஸ்டெல்லா, ஹாஜியார், ஜெபமாலை என்று படகுப் பெயர்கள் வரும் ஊர் இது. அதனால் கிரந்தத்தையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.