நாயின் குடல் கட்டி பரவிய பிறகு: டோசெரனிபா, இமாட்டினிபா?

ஸ்கேனில் "குடலில் கட்டி" என்று வந்ததும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பலர் மாத்திரையைத்தான் விசாரிக்கிறார்கள். முதலில் வேண்டியது பயாப்சி, அதாவது கட்டியின் துண்டை எடுத்துச் சோதிப்பது. ஜிஸ்ட் (குடல் சுவரில் வரும் ஒருவகைக் கட்டி), லியோமயோசர்கோமா (குடல் தசைப் புற்றுநோய்) இரண்டும் வழக்கமான சாயத்தில் ஒன்றுபோலத் தெரியும்; கிட் புரதச் சாயம் ஏறினால்தான் ஜிஸ்ட். டோசெரனிப், இமாட்டினிப் இரண்டு மருந்துகளும் அந்தக் கிட் புரதத்தை அடைக்கின்றன. லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்றால் கீமோதான் வழி. பயாப்சிக்கு முன் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் லிம்போமா மறைந்துகொள்ளும், தயவுசெய்து கொடுக்காதீர்கள். வெட்டி எடுக்க முடிந்தால் அறுவைதான் முதலில்.

20 கிலோ நாய்க்கு டோசெரனிப் கிலோவுக்கு 2.5 மி.கி.: ஒருநாள் விட்டு ஒருநாள் 50 மி.கி. மாத்திரை ஒன்று, உடைக்காமல். மாதம் 15. மாஸ்ட் செல் கட்டி என்ற நாய்த் தோல் புற்றுநோய்க்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. லேபிள் அளவு 3.25. அதில் வயிற்றுப்போக்கு அதிகம் என்பதால் பலர் குறைத்தே தொடங்குகிறார்கள். இமாட்டினிப் கிலோவுக்கு 10 மி.கி., தினமும், சாப்பாட்டோடு: 100 மி.கி. இரண்டு, மாதம் 60. 2013இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமையை மறுத்த மருந்து இது. மனிதர்களுக்கான மருந்துக் கடையிலேயே சீட்டுக்கு ஜெனரிக் கிடைக்கும்.

நாய்களின் ஜிஸ்டில் பலன் தந்த பதிவுகள் டோசெரனிபுக்கே கூடுதல். ஆனால் அது ரத்தக்குழாய் வளர்ச்சியையும் தடுக்கிறது. அதனால் அறுவைக் காயம் ஆறத் தாமதமாகும், பிரஷர் ஏறும், சிறுநீரில் புரதம் ஒழுகும், புண்ணான கட்டியில் ரத்தம் கசியும். இமாட்டினிபில் வாந்தியும், கல்லீரல் என்சைம் ஏறுவதும்தான் தொல்லை. எதுவானாலும் முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், கல்லீரல், சிறுநீர் பார்க்க வேண்டும். சிறுநீரில் ஏற்கெனவே புரதம் இருந்தாலோ, பிரஷர் பார்க்க வழியில்லை என்றாலோ இமாட்டினிபையே தேர்ந்தெடுப்போம், மற்றபடி டோசெரனிப்.

நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் அதிகம். அதிலும் தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள்) குறையும், ரத்தம் கசியும். தொடங்குமுன் அதைப் பார்த்துவிடாவிட்டால் பழி மருந்தின் மேல் விழும். சித்திரை வெயிலில் ஒருநாள் பேதியே நாயைச் சாய்த்துவிடும். ட்ரிப்ஸுக்கு எங்கே போவது என்று முன்பே கேட்டு வையுங்கள். மசாலா எலும்புக் குழம்பு கூடவே கூடாது. வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் போதும்.

மாத்திரையைக் கையுறையோடு தொடுங்கள். முற்றத்தில் போன சிறுநீரை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. வலிக்கென்று மெலாக்சிகாமை நீங்களாகச் சேர்க்காதீர்கள், குடல் புண் மோசமாகும். மலம் தார் போலக் கறுத்தால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.