மஞ்சளா, சங்குப்பூவா, பினாப்தலீனா?

பிளஸ் டூ பிராக்டிக்கல் நெருங்கிவிட்டால், கும்பகோணத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: "ஆரத்தித் தட்டுலயே மஞ்சள் சிவக்குதே சார், அப்புறம் எதுக்கு பினாப்தலீன்?"

நியாயமான கேள்விதான். பினாப்தலீன் என்பது அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் ஆய்வகப் பொருள், அதாவது ஒரு நிறங்காட்டி. மஞ்சளும் அதைத்தானே செய்கிறது. மஞ்சள்பொடி கரைத்த தண்ணீரில் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பைச் சுண்டைக்காய் அளவு குழைத்தால் சிவந்துவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் 12-க்கு மேல் (பிஎச் என்பது அமில-கார அளவுகோல்: 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்). மஞ்சளில் இருக்கும் குர்குமினோ 7.4 வாக்கில் நிறம் மாறத் தொடங்கி, 8.6-க்குள் செம்பழுப்பாகிவிடும். அந்தத் தட்டில் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள். சாறு விழுந்த இடம் மட்டும் மஞ்சளாகும், விரலால் கலக்கினால் மறுபடி சிவக்கும். சுண்ணாம்பு தீரும்வரை இப்படியே போகும். தீர்ந்ததும் தட்டு முழுக்க மஞ்சள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்க்கும் நடுநிலையாக்கலை இதைவிட மலிவாகக் காட்ட முடியாது.

ஆனால் பிராக்டிக்கலில் செய்வது தரம் பார்த்தல்: பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஒன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் உள்ள மற்றது தீரும் இடத்தை நிறத்தால் பிடிக்க வேண்டும். அங்கே மஞ்சள் தடுமாறும். குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. குடுவைக்குள் கலங்கலாக நிற்கும். ஸ்பிரிட்டில் கரைத்து ஊற்றினாலும் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு நடுவே ஒரு காவி வரும். அந்தக் காவியை முடிவென்று ஒருவன் எழுதுவான், பக்கத்தில் நிற்பவன் இன்னும் நான்கு சொட்டு விடுவான். காரத்தில் குர்குமின் நிலைக்காது, சிதைந்துகொண்டே இருக்கும் என்பது இன்னொரு தொல்லை.

சங்குப்பூ வேலியோரத்தில் சும்மா கிடைக்கிறது. பத்துப் பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு. அமிலத்தில் ஊதா, இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை, காரம் கூடினால் மஞ்சள். செம்பருத்தியும் இதே ஜாதிதான், சிவப்பிலிருந்து பச்சைக்குப் போகும். ஒரு திரவம் அமிலமா காரமா, எவ்வளவு வீரியம் என்று தோராயமாகச் சொல்ல இவற்றை மிஞ்ச ஆளில்லை. அந்த நிற வரிசையே தரம் பார்த்தலில் குறையாகிவிடுகிறது. எந்த நீலத்தில் நிறுத்துவது? போதாததற்கு, சாறு மறுநாளே நாறத் தொடங்கும்.

பினாப்தலீனின் பலம் அதன் அழகில் இல்லை, ஒன்றுமில்லாததிலிருந்து இளஞ்சிவப்பு வருவதில் இருக்கிறது. கண் ஏமாறாது. நான் மாணவனாக இருந்தபோது பிராக்டிக்கலில் நல்ல ரோஜா நிறம் வரட்டும் என்று காரத்தை விட்டுக்கொண்டே போய் மதிப்பெண்ணைத் தொலைத்தவன். வெள்ளைத் தாளின் மேல் குடுவையை வைத்தால் 'இருக்கிறதா இல்லையா' என்று சந்தேகம் வரும் நிறமே சரி. அரை நிமிடம் நின்றால் போதும். பிறகு வெளுத்தால் பதறாதீர்கள், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து வந்த வேலை அது.

உண்மையில், 0.1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மி.லி. எடுத்து அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை விடும்போது எல்லோரும் பாஸ். முடிவுக்கு ஒரு சொட்டு முன்னால் பிஎச் சுமார் 3.9, ஒரு சொட்டு பின்னால் சுமார் 10.1. இரண்டே சொட்டில் இவ்வளவு உயரம் தாண்டும்போது எந்த நிறங்காட்டியும் மாறித்தான் தீரும்.

வம்பு வருவது வீரியம் குறைந்த அமிலத்தில். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தையே அதே அளவில், அதே செறிவில் எடுங்கள். நடுநிலையாக்கல் முடியும் இடம் 7 அல்ல, 8.7 வாக்கில். 8.3-க்கும் 10-க்கும் இடையே மாறும் பினாப்தலீனுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்னொரு நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சோ 3.1-ல் மாறத் தொடங்கி 4.4-ல் முழு மஞ்சளாகிவிடும், 20 மி.லி. காரம் தேவைப்படும் இடத்தில் 6 மி.லி.யிலேயே 'முடிந்தது' என்று பொய் சொல்லும். அதேபோல் வீரியம் குறைந்த ஆக்சாலிக் அமிலத்துக்கும் சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் பினாப்தலீனையே கொடுப்பது இதனால்தான்.

சலவை சோடாவுக்கு, அதாவது சோடியம் கார்பனேட்டுக்கு வந்தால் ஆட்டம் தலைகீழ். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட விட, கார்பனேட் பைகார்பனேட் ஆனதுமே பினாப்தலீன் நிறமிழந்துவிடும், அதாவது பாதி வழியில். மீதிப் பாதியையும் கடந்து முடிவைக் காட்டுவது மெத்தில் ஆரஞ்சு. இந்தச் சோதனையில் குடுவையை போர் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே வைக்காதீர்கள். அதில் பைகார்பனேட் இருந்தால் அதுவும் அமிலத்தைக் குடிக்கும்.

ஆகவே என் பெட்டியில் பினாப்தலீனும் மெத்தில் ஆரஞ்சும் உண்டு. சங்குப்பூச் சாற்றில் நனைத்துக் காயவைத்த வடிதாள் துண்டுகள் சின்ன வகுப்புக்கு. மஞ்சள் சமையலறையிலேயே இருக்கட்டும். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் பட்டதும் கறை சிவக்கிறதே, அதே குர்குமின்தான். எலுமிச்சை தேய்த்தால் நிறம் மஞ்சளுக்குத் திரும்பும், கறை போகாது. ஈர வேட்டியை நல்ல வெயிலில் காயப்போடுங்கள்; வெளிச்சம் பட்டால் குர்குமின் தானே வெளுக்கும்.