டர்பன் நாட்டுக் கஞ்சா விதை: எங்கே வைத்தால் பிழைக்கும்?

1860-இல் டுருரோ கப்பலில் மதராஸிலிருந்து நம்மவர்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வந்திறங்கியபோது இந்த மண்ணில் கஞ்சா ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்தது. பத்தே வருடத்தில், 1870-இல், இந்தியக் கூலிகள் அதைப் புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று சட்டம் போட்டார்கள். நாடு முழுவதற்குமான தடை வந்தது 1920-களில். அவ்வளவு காலத் தடையையும் தாண்டி நாட்டு ரகங்கள் பிழைத்தன. 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குத் தனியிடத்தில் வளர்ப்பது குற்றமல்ல என்றது. எனக்குக் கவலை அதற்குப் பிறகுதான் கூடியது. வெளிநாட்டுக் கலப்பின விதை இன்று வீட்டுக்கு வீடு முளைக்கிறது. இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஒரே ஒரு கலப்பின ஆண் செடி போதும், சுற்றியுள்ள நாட்டுச் செடிகளின் விதையெல்லாம் கலந்துவிடும்.

காக்கிற வழிகளில் முதலாவது, விளைந்த இடத்திலேயே விளைய விடுவது. கிழக்கு கேப் மாகாணத்தில் லுசிகிசிகி, போர்ட் செயின்ட் ஜான்ஸ் பக்கம் உள்ள பொண்டோலாந்துக் கடலோர மலைச்சரிவுக் குடும்பங்கள் தலைமுறைகளாகச் செய்வது இதைத்தான். கடலோர ஈரக்காற்றில் பூசணம் பிடிக்காத செடி தப்பிக்கிறது, அதன் விதை அடுத்த வருடம் விழுகிறது. இந்தத் தேர்வை எந்த ஆய்வகமும் செய்து தர முடியாது. முன்பு போலீஸ் ஹெலிகாப்டரில் வந்து களைக்கொல்லி தெளித்தது. இப்போது மகரந்தக் கலப்பு மிரட்டுகிறது.

இரண்டாவது, குளிர்பெட்டி. விதையின் ஈரப்பதத்தை 5 முதல் 7 சதவீதத்துக்குக் குறைத்து, காற்றுப் புகாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. டர்பன் புழுக்கத்தில் மேசை டிராயரில் போட்டு வைத்த விதை சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆனால் எத்தனை செடியிலிருந்து எடுத்தது என்பதுதான் முக்கியம். அழகாக இருந்த ஒரே செடியின் விதையை உறைய வைத்தால் மிஞ்சுவது ஒரு குடும்பம் மட்டும், ரகம் மிஞ்சாது. பத்துப் பன்னிரண்டு ஆண், அதற்கு மேல் பெண் என்று கலந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சில தலைமுறையில் செடி நலிந்துவிடும்.

முருங்கைப் போத்து நடுவதுபோல் கிளையை வெட்டித் தாய்ச்செடியாகவே வைத்திருப்பதும் உண்டு. வியாபாரத்துக்குச் சரி. ஆனால் அது ஒரே செடியின் நகல். வைரஸைவிடச் சிறிய நோய்க்கிருமியான ஒரு வைராய்டு வந்தால் எல்லாமே போச்சு.

அப்புறம், நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் விற்கும் ‘டர்பன் பாய்சன்’ என்ற ரகத்தின் விதை. வீட்டுக்குள் விளக்கொளியில் சீக்கிரம் பூப்பதற்கென்று பல தலைமுறை தேர்ந்தெடுத்தது. பெண் செடி மட்டுமே வரும்படி செய்த பாக்கெட்டை வாங்கினால் ஆண் செடியே கிடையாது, அடுத்த தலைமுறைக்கு விதை எடுப்பது எப்படி? பெயரில் டர்பன் இருப்பதால் அதை நாட்டு ரகம் என்று நம்பி வாங்குகிறார்கள். எனக்கு இது வருத்தம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் அங்கே விதை எடுக்க முயல வேண்டாம் என்பேன். பக்கத்து வீட்டு மகரந்தம் வந்துவிடும். பொண்டோலாந்து மலைச்சரிவுக் குடும்பங்கள் எடுத்த விதையை ஊர், வருடம் எழுதிக் குளிர்பெட்டியில் காப்பாற்றுங்கள். தோட்டத்தில் கலப்பின ஆண் செடி தெரிந்தால் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். இரண்டு வழியும் சேர்ந்தே ஓட வேண்டும். விளைந்த நிலம் முதலில், குளிர்பெட்டி அதற்குக் காப்பு.

ஆனால் அந்தக் குடும்பங்கள் விளைச்சலை விற்றால் இன்னும் குற்றம். மருத்துவத்துக்கான கஞ்சா வளர்க்க உரிமம் வாங்க வேலி, காவல், ஆய்வகப் பரிசோதனை என்று பெரும் பணம் வேண்டும். உரிமம் அவர்கள் கைக்கு எட்டாத வரை, பணத்துக்காக அவர்களும் கலப்பின விதைக்கு மாறினால் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?