மலைமேட்டுக்கு எந்தக் குடை? ஒற்றை இருக்கை மோட்டார் பாராசூட்: ஓர் ஒப்பீடு

துணிக் குடைக்குக் கீழே இன்ஜினும் விசிறியும் பொருத்திய சக்கர வண்டி தொங்கும் ஒற்றை இருக்கை மோட்டார் பாராசூட்டை வடிவமைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, செவ்வகக் குடையா, நீள்வட்டக் குடையா என்றுதான். சமவெளியில் எதை எடுத்தாலும் சமாளித்துவிடலாம். கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர்ப் புல்வெளி போன்ற உயரத்தில் அது நடக்காது.

2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே மணிக்கு 45 கிலோமீட்டரில் தரையை விடும் வண்டி இங்கே 50-ஐ எட்டினால்தான் எழும். இன்ஜினுக்கும் அதே மெல்லிய காற்றுதான். 40 குதிரைத்திறன் 32-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

நீள்வட்டக் குடைக்குக் காற்றுத்தடை குறைவு. சிறிய இன்ஜின் போதும். நடுவானில் இன்ஜின் நின்றால், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய ஐந்து மீட்டர் முன்னே போகும். செவ்வகம் நான்கைத் தாண்டுவது அரிது. கீழே சோலைக்காடு இருக்கையில் இந்த வித்தியாசம் பெரிது, மறுக்கவில்லை.

ஆனாலும் என் ஓட்டு செவ்வகத்துக்கே. அதிகாலையில் புல்லில் விரித்த துணி பனியில் நனைந்து கனத்துவிடும். அப்போதும் செவ்வகக் குடை, முன்விளிம்பில் வாய் திறந்திருக்கும் துணி அறைகள் காற்று வாங்க வாங்க, நிதானமாக எழுந்து தலைக்கு மேல் நிற்கும். நீள்வட்டம் ஒரு பக்கம் முந்தும், சில நேரம் தலையைத் தாண்டி முன்னே பாயும். மேடுபள்ளத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் கவிழ வேண்டியதுதான்.

நீள்வட்டத்தின் வேகம் எதிர்க்காற்றுக்கு உதவும் என்பார்கள். வெயில் ஏறியதும் சரிவேறி வரும் காற்றும், முகட்டுக்கு மறுபக்கம் சுழலும் காற்றும் ஐந்தாறு கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்கு அடங்காது. அந்நேரம் எந்தக் குடையும் தரையில்தான் இருக்க வேண்டும்.

செவ்வகம் என்றால் இன்ஜினில் கஞ்சத்தனம் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய் கலக்கும் வேலை இல்லை, எடைதான் இடிக்கிறது. மிக இலகுவான பறக்கும் வண்டிகளுக்கான அமெரிக்காவின் 103ஆம் பகுதி விதி, வெற்று எடை 115 கிலோ, எரிபொருள் 19 லிட்டர் என்று வரம்பு கட்டுகிறது. அங்கே அதற்குள் நின்றால் உரிமம் வேண்டாம். இங்கே அந்தச் சலுகை இல்லை என்றாலும் எடைக்கு அது நல்ல அளவுகோல். பழைய ரோட்டாக்ஸ் 447 போன்ற 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அதற்குள் அடங்கும். சமவெளிக்குப் போட்ட மெயின் ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) அதை மலையேற்றினால் பெட்ரோல் மிகுந்து பிளக் கரிபிடிக்கும். சிறிய ஜெட் மாற்றுங்கள். சமவெளிக்கு இறக்கும்போது பழையதைத் திரும்பப் போட மறந்தால் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.