இரண்டு ஆலிவ் எண்ணெய்ப் புட்டிகள்: குன்னூர்ச் சமையலறையில் ஓர் ஒப்பீடு

குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவை பார்ப்பவர்கள், கரண்டியிலிருந்து சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுவதும் பரவவிட்டுத் துப்புவார்கள். ஆலிவ் எண்ணெயைச் சோதிப்பவர்களும் காற்றோடு சேர்த்து உறிஞ்சித்தான் மணத்தைப் பிடிக்கிறார்கள். கடைத்தட்டில் அருகருகே இருந்த இரண்டு எக்ஸ்ட்ரா விர்ஜின் புட்டிகளை வாங்கி வந்து அவ்வாறே ஒப்பிட்டேன்.

'ப்யூர்', 'லைட்' வகைகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அவை சுத்திகரித்த எண்ணெயில் சிறிது விர்ஜின், அதாவது சுத்திகரிக்காத எண்ணெய், கலந்தவை, 'லைட்' என்பதால் கலோரி குறைவதில்லை. பொமேஸ், பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுக்கப்படுவது. எக்ஸ்ட்ரா விர்ஜினோ பழத்தை அரைத்து இயந்திர முறையில் மட்டுமே பிரித்தெடுப்பது. அதில் எண்ணெய் சிதைவதால் பிரிந்து நிற்கும் தனித்த கொழுப்பு அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, பயிற்சி பெற்ற சுவைக்குழு அதில் ஒரு குறையும் காணக்கூடாது.

முதல் புட்டி வெள்ளைக் கண்ணாடி. முகப்பில் இத்தாலியப் பெயரும் தோப்புப் படமும் இருந்தாலும், பின்பக்கப் பொடி எழுத்து 'ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் ஆலிவ் எண்ணெய்க் கலவை' என்றது. ஸ்பெயின், கிரீஸ் முதலிய நாடுகளிலிருந்து வாங்கிய எண்ணெயும் இத்தாலியில் அடைக்கப்படுவதால், அடைத்த ஊரின் பெயர் மரம் நின்ற மண்ணைச் சொல்லாது. கலப்பது குற்றமன்று, அறுவடைக் காலத்தைச் சொல்லாததுதான் எனக்குக் குறையாகப் பட்டது. இரண்டாவது, கிரீஸின் கலமாட்டா எண்ணெய்: கருங்கண்ணாடி, கொரோநெய்கி என்ற பழவகையின் பெயர், அறுவடை மாதம், சிவப்பும் மஞ்சளுமான வட்ட முத்திரை. விளைவித்ததும் பிழிந்ததும் அந்தப் பகுதியிலேயே என்பதற்கு அம்முத்திரை சான்று. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டைப் போன்றது. ஆனால் முத்திரை பிறப்பிடத்துக்குத்தான் பொறுப்பு, புதுமைக்கு அன்று. ஆகவே நான் முதலில் தேடுவது அறுவடை மாதத்தையே.

சுவைக்குழுவினர் நிறத்தைப் பார்த்து ஏமாறாதிருக்க நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில், சுமார் 28 டிகிரி வெப்பத்தில் சோதிக்கிறார்கள். நம் குளிருக்குச் சிறு டம்ளரை உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடேற்றினால்தான் மணம் எழும். முதல் எண்ணெயில் பழைய முறுக்கு டப்பாவைத் திறந்ததும் வரும் சிக்கு வாடை அடித்தது. இரண்டாவதில் வெட்டிய புல்லின் பச்சை மணம். நாக்கில் கசப்பு, விழுங்கிய சில நொடிகளில் தொண்டையில் மிளகுக் காரம். "என்ன இப்படிக் கமறுது, கெட்டுப்போச்சா?" என்று இருமிக்கொண்டே கேட்டார் அத்தை. அந்தக் கமறலுக்குக் காரணம் ஓலியோகாந்தல் என்ற பொருள் என்பதை 2005இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கசப்பும் காரமும் இந்த எண்ணெய்க்குக் குறையல்ல, குணம்.

குளிரில் உறைவதே அசலுக்கு அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். மார்கழி விடியலில் இரண்டு புட்டிகளின் அடியிலும் வெண்மணிகள் திரண்டிருந்தன. சிக்கு வாடை அடித்ததும் உறைந்தது, நல்லதும் உறைந்தது.

வடை சுடக் கடலை எண்ணெயே போதும். கலமாட்டா எண்ணெயை வேகவைத்த கேரட், பீன்ஸ் மீது இறக்கிய பின் ஊற்றுகிறேன். திறந்த புட்டி இரண்டு மூன்று மாதங்களில் தீர வேண்டும் என்பதால், சிறிய அளவே வாங்கி, அடுப்பருகே வைக்காமல் இருட்டான அலமாரியில் வைத்திருக்கிறேன்.